ஊட்டி ரோஜாப் பூங்காவில் ஒரு முழுக் காலை

உதகமண்டலம் அரசு ரோஜாப் பூங்காவுக்கு நான் மூன்று முறை சென்றிருக்கிறேன். முதல் முறை கல்லூரி நண்பர்களோடு, படகு இல்லத்துக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவே கிடைத்த முக்கால் மணி நேரத்தில். இரண்டாம் முறை ஒரு மே மாதத்தில், பூக்களைவிடத் தலைகளே அதிகமாகத் தெரிந்த ரோஜாக் காட்சியின்போது. மூன்றாம் முறை சென்ற செப்டம்பரில், திருச்சியிலிருந்து என் அத்தையை அழைத்துக்கொண்டு, வேறெந்த இடத்துக்கும் போவதில்லை என்ற முடிவோடு. முதல் இரண்டு முறையும் நான் அங்கே இருந்தேன் என்பதற்குப் புகைப்படங்கள் இருக்கின்றன. பூங்காவைப் பார்த்தது மூன்றாம் முறைதான். ஆகவே தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்க முடிந்தவர்களுக்கு ஊட்டியில் இதைவிட நிறைவான இடம் எனக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் மட்டுமே உள்ளவர்கள் அந்த நேரத்தில் எங்காவது உட்கார்ந்து நிதானமாக ஒரு தேநீர் குடிக்கலாம்.

பூங்கா எல்க்ஹில் மலைச்சரிவில், விஜயநகரம் பகுதியில் இருக்கிறது. (எல்க் என்று ஆங்கிலேயர் குறிப்பிட்டது நம் கடமானைத்தான்.) ஊட்டி மலர்க் காட்சியின் நூறாவது ஆண்டை நினைவுகூர 1995 இல் தோட்டக்கலைத் துறை இதை அமைத்தது, நூற்றாண்டு ரோஜாப் பூங்கா என்றே உள்ளூர்க்காரர்கள் பலர் இன்னும் சொல்கிறார்கள். ஏறத்தாழ 4 ஹெக்டேர் சரிவை ஐந்து வளைந்த அடுக்குகளாக வெட்டி, தொடக்கத்தில் 1,919 வகைகளில் 17,256 செடிகளை நட்டார்கள். பின்னர் அது 2,800 வகைகளாகவும் 20,000க்கு மேற்பட்ட செடிகளாகவும் வளர்ந்தது. இந்த எண்களை வகுத்துப் பார்த்தால் ஒரு வகைக்குச் சராசரியாக ஏழு முதல் ஒன்பது செடிகள்தான் வரும். ஒரே நிறத்தைப் பாய் விரித்தாற்போலக் காட்டும் அலங்காரத் தோட்டம் அல்ல இது, வகைகளைச் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்பு என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. 2006 மே மாதத்தில் ஜப்பானின் ஒசாகா நகரில், உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு இதற்குச் சிறந்த தோட்டத்துக்கான விருதை அளித்தது.

இந்தப் பூங்காவைத் தூக்கிச் சமவெளியில் எங்கே வைத்திருந்தாலும் இப்படி இருந்திருக்காது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் பகல் வெயில் தோலைச் சுடுகிறது, இரவு கம்பளி கேட்கிறது. இன்றைய ரோஜாக்களின் பெரும்பகுதி இந்தப் பகல்–இரவு வேறுபாட்டைத்தான் விரும்புகின்றன. திருச்சியில் என் மொட்டைமாடியில் காலையில் மொட்டாக நிற்கும் பூ மாலைக்குள் மல்லாந்து வெளுத்துவிடும். இங்கே அதே வகையின் மொட்டு நாட்கணக்கில் நின்று, இதழ் இதழாகப் பிரிந்து, நிறம் ஆழ்ந்து, கடைசியில்தான் உதிர்கிறது. மழைதான் இதற்குப் பகை. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மொட்டுகள் நனைந்து விரியாமலே அழுகும், இலைகளில் கரும்புள்ளி நோய் ஏறும். ஆகவே ஆண்டின் தொடக்கத்தில் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, கோடை சீசனுக்கும், பின்னர் மீண்டும் இலேசாகக் கவாத்து செய்து செப்டம்பர், அக்டோபரின் இரண்டாம் சீசனுக்கும் செடிகளைத் தயார் செய்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் கோடையை விரும்புகிறார்கள். எனக்கு இரண்டாம் சீசன் பிடிக்கிறது. பூ சற்றுக் குறைவுதான், ஆனால் ஒரு செடியின் முன் எவ்வளவு நேரம் நின்றாலும் பின்னாலிருந்து யாரும் நகரச் சொல்வதில்லை.

உள்ளே சென்றதும் நிலா மாடம் என்ற பார்வை மேடைக்குப் போவது நல்லது. அங்கிருந்து அடுக்குகள் வளைந்து இறங்கும் முழு அமைப்பும் ஒரே பார்வையில் பிடிபடும்; அதன் பிறகு ஒவ்வோர் அடுக்காக நடந்தால் எங்கே நிற்கிறோம் என்பது குழப்பமில்லாமல் இருக்கும். ஒற்றைக் காம்பில் ஒற்றைப் பெரிய பூவைத் தாங்கும் ஹைப்ரிட் டீ வகைகள், கொத்துக் கொத்தாகப் பூக்கும் புளோரிபண்டாக்கள், இன்னும் சிறிய பூக்களைக் கொத்தாகப் பூக்கும் பாலியாந்தாக்கள், கட்டைவிரல் அளவுக் குட்டி ரோஜாக்கள், வளைவுகளில் ஏறிப் படரும் கொடி ரோஜாக்கள் என்று இன்றைய ரோஜாவின் பெரும் குடும்பங்கள் எல்லாமே இங்கே இருக்கின்றன.

அத்தை முதல் அடுக்கிலேயே ஓர் உள்ளங்கை அகலப் பூவின் மீது குனிந்து மூச்சை இழுத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, இவ்வளவு பெரிய பூவு, வாசமே காணோமே?" என்றார். அடுத்த செடிக்குப் போனார், அதற்கடுத்ததற்கும் போனார். ஐந்தாவதில்தான் முகம் மலர்ந்தது. எழுபது வயதுவரை தினமும் பன்னீர் ரோஜாவைத் தலையில் வைத்தும் சாமி படத்துக்குச் சாத்தியும் பழகியவருக்கு வாசமில்லாத ரோஜா என்பது உப்பில்லாத குழம்பு போன்றது. அவர் கேட்ட கேள்வி அந்தக் காலை முழுவதும் எங்களோடு நடந்து வந்தது. அதற்கு விடை சொல்லப் போனால் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாற்றைச் சொல்ல வேண்டும். பூங்காவின் அடுக்குகளே அதற்குச் சான்றுப் பொருள்களாக அமைந்தன.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஹைப்ரிட் டீ என்ற பெயரைத் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊட்டியில் படிப்பவர்கள், ரோஜாவைத் தேயிலைச் செடியோடு கலந்து உண்டாக்கியதாக எண்ணிக்கொள்கிறார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்தில் அப்படித்தான் ஒரு விளக்கம் நடந்துகொண்டிருந்தது. தேயிலைக்கும் இதற்கும் இரத்த உறவு எதுவும் இல்லை. சீனாவிலிருந்து வந்த ஒருவகை ரோஜாவின் மெல்லிய மணம் புதிய தேயிலையை நினைவூட்டியதால் ஐரோப்பியர் அதை டீ ரோஜா என்றார்கள். அதன் கலப்பினமே ஹைப்ரிட் டீ.

அந்தச் சீன வரவுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பியத் தோட்டங்களின் ரோஜாக்கள், ஒன்றிரண்டு விலக்கு நீங்கலாக, ஆண்டில் ஒரே முறை, கோடைத் தொடக்கத்தில் பூத்து ஓய்ந்துவிடுபவை. நிறமும் பெரும்பாலும் வெள்ளைக்கும் இளஞ்சிவப்புக்கும் ஊதா கலந்த சிவப்புக்கும் இடையிலேயே சுற்றியது. சீனத் தோட்டங்களிலோ மாதந்தோறும் பூக்கும் ரோஜாக்கள் பல நூற்றாண்டுகளாக வளர்ந்து வந்தன. அவற்றுள் நான்கு, அதாவது ஸ்லேட்டரின் செஞ்சிவப்பு (1792 அளவில்), பார்சன்ஸின் இளஞ்சிவப்பு (1793), ஹியூமின் வெளிர் நிற டீ ரோஜா (1809 அளவில்), பார்க்ஸின் மஞ்சள் டீ ரோஜா (1824) ஆகியவை, இங்கிலாந்தை அடைந்து இன்றைய ரோஜாக்களின் மூதாதையர் ஆயின. கீழ்த்திசைக் கப்பல்கள் கல்கத்தாவைத் தொட்டுச் சென்றதால் பிரெஞ்சுக்காரர்கள் இவற்றை நெடுங்காலம் வங்காள ரோஜா என்றே அழைத்தார்கள். நம் கரையில் இறங்கி இளைப்பாறிப் போன செடிகளின் பேரப்பிள்ளைகள் ஐரோப்பியப் பெயர்களைச் சூட்டிக்கொண்டு நீலகிரிக்குத் திரும்பி வந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஓயாமல் பூப்பது எப்படி என்பதற்கு இப்போது மரபணு விளக்கம் கிடைத்திருக்கிறது. ரோஜாவில் "இப்போது பூக்க வேண்டாம், கிளை நீட்டு" என்று தடுக்கும் மரபணு ஒன்று உண்டு. சீன ரோஜாவில் என்றோ ஒரு காலத்தில், இடம்விட்டு இடம் தாவும் ஒரு மரபணுத் துண்டு அதற்குள் புகுந்து அதை முடக்கிவிட்டது. தடை போனதால் ஒவ்வொரு புதுத் துளிரும் நுனியில் பூவோடு வருகிறது. ஒரு பழுது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். சீனத் தோட்டக்காரர்கள் அந்தப் பழுதைக் கண்டு போற்றிக் காத்தார்கள். 2018 இல் ரோஜாவின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்து வெளியிட்டபோது அதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டதும் பார்சன்ஸின் இளஞ்சிவப்பு என்ற அதே பழைய செடிதான். ஊட்டியில் கோடைக்கும் இரண்டாம் சீசனுக்கும் கவாத்து வெட்டிப் பூவை வரவழைக்க முடிகிறதென்றால் அது அந்தப் பழுதின் கொடை.

ஐரோப்பியச் செடியும் சீனச் செடியும் முதலில் கலந்த இடங்களில் ஒன்று இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. இன்று ரீயூனியன் என்றும் அன்று போர்பன் என்றும் அழைக்கப்பட்ட தீவில், வயல்களுக்கு வேலியாகச் சீன ரோஜாவையும் டமாஸ்க் ரோஜாவையும் அடுத்தடுத்து நட்டிருந்தார்கள். அவை தாமாகவே கலந்து முளைத்த செடி 1817 அளவில் தாவரவியலாளர் ஒருவரின் கண்ணில் பட்டது. தீவு மக்கள் அதை எட்வர்டு ரோஜா என்றார்கள். விதைகள் பாரிசுக்குப் போய், போர்பன் என்ற புதுக் குடும்பமே உருவானது. திண்டுக்கல் பூச்சந்தையிலும் திருவரங்கத்துப் பூக்கடையிலும் உதிரிப் பூவாகக் குவிந்து கிடக்கும் பன்னீர் ரோஜா இந்தப் போர்பன் குடும்பத்தைச் சேர்ந்ததே. வேளாண் நூல்கள் அதை இன்றும் எட்வர்டு ரோஜா என்றே குறிக்கின்றன. அத்தையிடம் இதைச் சொன்னபோது அவர் வியக்கவில்லை. "அதான் அதுல வாசம் இருக்கு," என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை: டமாஸ்க்கின் மணமும் சீனச் செடியின் ஓயாப் பூப்பும் அந்த ஒரு பூவில் சேர்ந்திருக்கின்றன.

இன்றைய ரோஜா பிறந்த ஆண்டு என்று 1867 ஐக் குறிப்பது மரபு. பிரான்சின் லியோன் நகரில் கியோ என்ற நாற்றுப் பண்ணையாளர் அந்த ஆண்டு வெளியிட்ட 'லா பிரான்ஸ்' என்ற வெள்ளி இளஞ்சிவப்புப் பூவே முதல் ஹைப்ரிட் டீ; அதற்கு முன் தோன்றிய குடும்பங்கள் பழைய தோட்ட ரோஜாக்கள், அதிலிருந்து தொடங்குபவை நவீன ரோஜாக்கள் என்று அமெரிக்க ரோஜாச் சங்கம் கோடு கிழித்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் இந்தத் தலைமகனுக்கு வாரிசு அநேகமாக இல்லை. சீன ரோஜாவுக்கு 14 குரோமோசோம்கள், ஐரோப்பியத் தோட்ட ரோஜாவுக்கு 28. இரண்டும் கலந்தால் 21 வரும், அது சரிபாதியாகப் பிரியாது, ஆகவே விதை பிடிப்பது அரிது. கோவேறு கழுதையின் கதைதான். விதை தரும் செடிகளைத் தேடிப் பொறுக்கி, தாய் எது தந்தை எது என்று குறித்து வைத்துக் கலப்புச் செய்யும் முறையை நிலைநிறுத்தியவர் ஹென்றி பென்னட் என்ற ஆங்கில விவசாயி. கால்நடைகளை வம்சாவளி பார்த்துச் சேர்ப்பதைப்போல ரோஜாக்களையும் சேர்க்கலாம் என்று அவர் கருதினார். 1879 இல் பத்து வகைகளை அப்படியே, வம்சாவளிக் கலப்பினங்கள் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை நாற்றுப் பண்ணைகள் பெரும்பாலும் காற்றையும் தேனீயையும் நம்பி விதை சேர்த்துக்கொண்டிருந்தன.

பூங்காவில் மஞ்சளும் ஆரஞ்சும் எரியும் பாத்திகளைக் கடக்கும்போது ஒரு கணம் நிற்க வேண்டும், ஏனெனில் நூற்றிருபது, நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் இந்த நிறங்கள் பெரிய பூக்களில் இல்லை. டீ ரோஜாக்களில் இருந்தது வெளிர் மஞ்சள், வெயிலில் வெளுத்துவிடும் மஞ்சள். லியோனின் ழோசப் பெர்னே-துஷே, பாரசீக மஞ்சள் ரோஜாவைத் தோட்ட ரோஜாக்களோடு கலக்கப் பல ஆண்டுகள் முயன்று, 1900 இல் 'சொலேய் தோர்', அதாவது பொற்சூரியன் என்ற பூவை வெளியிட்டார். இன்றைய அடர் மஞ்சள், செம்பு, ஆரஞ்சு, இருநிறப் பூக்கள் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்கள். அந்தப் பாரசீகச் செடி ஒரு கடனையும் கூடவே கொண்டுவந்தது: கரும்புள்ளி நோய்க்கு எளிதில் இரையாகும் இயல்பு. ஹைப்ரிட் டீ வளர்ப்பவர்கள் இன்றளவும் பூஞ்சணக் கொல்லித் தெளிப்பானைக் கையில் வைத்திருப்பதற்கு அந்தக் கடன் ஒரு முக்கியக் காரணம். ஊட்டியின் ஈரத்தில் இருபதாயிரம் செடிகளின் இலைகளைப் பச்சையாக வைத்திருப்பது எத்தகைய உழைப்பு என்பது, மொட்டைமாடியில் ஏழு தொட்டிகளோடு தோற்றுப்போன எனக்கு நன்றாகவே புரிந்தது. பூக்களைப் புகழ்பவர்கள் சற்றுக் குனிந்து இலைகளையும் பார்த்துவிட்டு அங்குள்ள பணியாளர்களுக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

மஞ்சள் இதழ் ஓரத்தில் இளஞ்சிவப்புப் பூசிய பெரிய பூ ஒன்றை எந்த ரோஜாப் பூங்காவிலும் தேடிப் பார்க்கலாம், அது 'பீஸ்'. பிரான்சில் இளைஞர் பிரான்சிஸ் மெய்லான் 1935 இல் செய்த கலப்பில் பிறந்து, 3-35-40 என்ற எண்ணால் மட்டும் அறியப்பட்ட நாற்று அது. 1939 இல் அதன் மொட்டுக் குச்சிகள் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பப்பட்டன. அதற்குள் போர் மூண்டு தொடர்பு அறுந்தது. ஒரே செடி ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே பெருகியது. மெய்லான் அதற்குத் தன் தாயின் பெயரைச் சூட்டினார். ஜெர்மனியில் அது குளோரியா டெய், இத்தாலியில் ஜோயா. அமெரிக்காவில் அதற்குப் பீஸ், அதாவது அமைதி என்று பெயரிட்ட 1945 ஏப்ரல் 29, பெர்லின் வீழ்ச்சியின் நாட்களில் ஒன்று. சில நாட்களில், ஐக்கிய நாடுகள் அவையை உருவாக்க சான் பிரான்சிஸ்கோவில் கூடியிருந்த தூதுக்குழுக்களின் கைக்கு அது ஒவ்வொன்றாக அளிக்கப்பட்டது. இவ்வளவு அரசியல் சுமந்த பூ வேறொன்று இருக்குமா தெரியவில்லை. செடி என்ற அளவிலும் அது திருப்புமுனைதான்: தடித்த பளபளப்பான இலையும் வீரியமான வளர்ச்சியும் பெரிய பூவும் ஒன்றாக அமைந்ததால், அதற்குப் பின் வந்த வகைகளில் கணிசமானவற்றின் வம்சாவளியில் அது எங்காவது நிற்கிறது. மணம் மட்டும் அதில் மிதம்.

கொத்து ரோஜாக்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டென்மார்க்கின் பவுல்சன் குடும்பம் குளிர் தாங்கும் பாலியாந்தாவை ஹைப்ரிட் டீயோடு கலந்து 1924 இல் வெளியிட்ட 'எல்சே பவுல்சன்' போன்றவற்றிலிருந்து புளோரிபண்டா வந்தது. பூங்காவின் நிறைவுத் தோற்றத்துக்குப் பெரிதும் உதவுபவை இவையே. தூரத்திலிருந்து அடுக்கு அடுக்காக நிறம் தெரிவது இவற்றால்தான். 1958 இல் ஜெர்மனியின் கோர்டஸ் தந்த வெள்ளை 'ஐஸ்பெர்க்' உலகத் தோட்டங்களில் இத்தனை ஆண்டுகளாக நிற்பது, நோய்க்கு ஓரளவு ஈடுகொடுக்கும் உழைப்பாளிச் செடி என்பதற்காக.

அத்தையின் கேள்விக்கு நேரான விடையை மூன்றாம் அடுக்கில், ஓர் இருக்கையில் அமர்ந்திருந்தபோது சொன்னேன். 2015 இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், மணம் மிக்க 'பாப்பா மெய்லான்' பூவையும் மணமற்ற 'ரூஜ் மெய்லான்' பூவையும் ஒப்பிட்டு, ரோஜா மணத்தின் முக்கியக் கூறான ஜெரானியால் உருவாக ஒரு குறிப்பிட்ட நொதியம் வேண்டும் என்றும், மணமற்ற பூவில் அந்த நொதியத்தின் மரபணு ஏறக்குறைய உறங்கிக் கிடக்கிறது என்றும் கண்டறிந்தார்கள். வளர்ப்பாளர் யாரும் மணத்தை வேண்டுமென்றே துரத்தவில்லை. கொய்மலர்ச் சந்தைக்கு நீண்ட காம்பு, பெட்டியில் கசங்காத இதழ், குவளையில் ஒரு வாரம் நிற்கும் உறுதி ஆகியவை வேண்டும். மணத்துக்கு அங்கே மதிப்பெண் இல்லை. தேர்வில் கேட்காத பாடத்தை மாணவர்கள் மறப்பதைப் போல ரோஜாவும் மறந்தது. 1964 இன் 'மிஸ்டர் லிங்கன்' போன்ற சில அடர்சிவப்புகள் மறக்காமல் இருந்தன. இங்கிலாந்தில் டேவிட் ஆஸ்டின், 1961 இல் 'கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை' தொடங்கி, பழைய ரோஜாவின் மணத்தையும் நெருக்கமான இதழமைப்பையும் நவீன ரோஜாவின் தொடர் பூப்போடு சேர்க்கவே தன் வாழ்நாளைச் செலவிட்டார். அத்தை ஓர் எளிய விதியைத் தாமாகவே கண்டுபிடித்தார்: வெயில் ஏறுவதற்கு முன், பாதி விரிந்த பூவில் முகர வேண்டும். முழுதும் விரிந்து உச்சி வெயில் பட்ட பூவில் மணம் பறந்துபோயிருக்கும். காலையில் போகச் சொல்வதற்கு இதுவே என் முதன்மைக் காரணம்.

கருப்பு ரோஜா, பச்சை ரோஜா என்று பயணிகள் தேடி ஓடுகிறார்கள். கருப்பு என்பது மிக அடர்ந்த சிவப்பே. நிழலில் கருப்பாகத் தோன்றும், கைபேசி விளக்கைப் பிடித்தால் சிவப்பு தெரிந்துவிடும். பச்சை ரோஜா உண்மையிலேயே பச்சைதான், ஆனால் அதில் இதழ்களே கிடையாது. இதழ் இருக்க வேண்டிய இடத்தில் புல்லிகள் அடுக்கடுக்காக வந்திருக்கின்றன. முதல் பார்வையில் ஏமாற்றம் தரும், அருகே பார்த்தால் கண்ணை எடுக்க விடாது. நீல ரோஜாவைக் கேட்பவர்கள் ஜப்பானுக்குத்தான் போக வேண்டும். ரோஜாவால் நீலத்துக்கான டெல்பினிடின் நிறமியைத் தானாக உண்டாக்க இயலாது. சன்டோரி நிறுவனம் பான்சிப் பூவிலிருந்து அதற்கான மரபணுவைப் புகுத்தி 2009 இல் ஒரு ரோஜாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் இளம் ஊதாவாகத்தான் இருக்கிறது. பூச்செண்டுக் கடைகளில் கிடைக்கும் பளிச்சென்ற நீலம் சாயத்தில் தோய்த்தது.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் சமவெளியில் ஒரு நர்சரியில், இருநிறப் பூவின் வண்ணப்படம் கட்டிய செடியை வாங்கினேன். முதல் பூ படத்தில் இருந்ததுபோலவே வந்தது. அந்தக் கோடையில் மேலே இருந்த கிளைகள் காய்ந்தன, கீழிருந்து ஒரு துளிர் கிளம்பி வளர்ந்தது, நான் மகிழ்ந்து உரம் வைத்தேன். ஆறு மாதம் கழித்து அது சிறிய, இளஞ்சிவப்பான, மணம் நிறைந்த பூவைப் பூத்தது. ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே இருந்த வேர்ச்செடி, மேலே ஒட்டியிருந்த இருநிறச் செடியை வீழ்த்திவிட்டு ஆட்சியைப் பிடித்திருந்தது. தென்னகத்தில் ரோஜாவுக்கு வேர்ச்செடியாக எட்வர்டைப் பயன்படுத்துவது வழக்கம் என்று பிறகுதான் அறிந்தேன். பிழை என்னுடையது: ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை அப்போதைக்கப்போது கிள்ளியிருக்க வேண்டும். நான் பணம் வீணானதாக வருந்திக்கொண்டிருந்தபோது அத்தை தினமும் வந்து பூவைப் பறித்துக்கொண்டு போனார். ஊட்டியில் செடிகளின் அடிப்பகுதியைக் குனிந்து பார்த்தேன். ஒட்டின் முடிச்சுக்குக் கீழே துளிர் விட்ட செடி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

நம் நாட்டு வெயிலுக்கேற்ற ரோஜாவை உருவாக்க வேண்டும் என்று உழைத்தவர்கள் உண்டு. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநராக இருந்த பி.பி. பால், கோதுமை ஆய்வாளராகப் புகழ்பெற்றவர், ரோஜா வளர்ப்பாளராகவும் பல வகைகளைத் தந்தார். கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவனும் கிரிஜா வீரராகவனும் மணிப்பூர்ப் பக்கத்தின் பெரிய காட்டு ரோஜாவையும், தண்ணீர் தேங்கும் நிலத்திலும் வளரும் கிழக்கிந்தியச் சமவெளியின் காட்டு ரோஜாவையும் கொண்டு கலப்பினங்கள் உருவாக்கினார்கள். தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரில் ஒரு ரோஜா அவர்களால் வந்தது. நீலகிரிக்கும் பழனி மலைக்கும் உரிய காட்டு ரோஜா ஒன்றும் இருக்கிறது: சோலைக்காட்டு ஓரங்களில் மரங்களின்மேல் ஏறி வெள்ளையாகப் பூக்கும் கொடி. புதுச்சேரியில் தங்கிப் பணியாற்றிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோவின் பெயரைத் தாங்கியது. ரோஜா ஓவியங்களால் புகழ்பெற்ற ரெடூட்டே அதையும் வரைந்திருக்கிறார். மலையிலிருந்து இறங்கும்போது சாலை ஓரமெல்லாம் அதைத் தேடிக்கொண்டே வந்தேன், அகப்படவில்லை.

பூங்காவைப் பற்றி எனக்கு ஓர் ஆசை உண்டு, குறை என்று சொல்ல மாட்டேன். இங்கே செடிகள் குடும்ப வாரியாகவும் அழகு கருதியும் நிற்கின்றன. ஒரே ஒரு வளைவில் மட்டும் அவற்றைக் கால வரிசையில் நிறுத்தினால், சோலைக் காட்டுக் கொடியில் தொடங்கி, சீனச் செடி, எட்வர்டு, லா பிரான்ஸ், பொற்சூரியன், பீஸ், ஆஸ்டின், கொடைக்கானல் கலப்பினம் என்று இருபது அடி நடையில் முழுக் கதையும் கண்ணுக்கும் மூக்குக்கும் கிடைத்துவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஒரு வகுப்பறை. மே மாதக் காட்சியில் ஆயிரக்கணக்கான கொய்மலர்களைக் கோத்துப் பெரிய உருவங்கள் செய்கிறார்கள். மக்கள் அதன் முன்தான் கூடுகிறார்கள். உழைப்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் வேரோடு நிற்கும் இருபதாயிரம் செடிகள் அந்தக் கூட்டத்தின் முதுகுப் பக்கம் இருக்கின்றன.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நீலகிரிக்குச் சொந்த வண்டியில் வருவோர் இ-பாஸ் பெற வேண்டும். மாவட்டத்தில் நெகிழிப் புட்டிகளுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் புட்டியில் தண்ணீர் கொண்டுபோவது நல்லது. சரிவான இடம் என்பதால் மூட்டுவலி உள்ளவர்கள் ஐந்து அடுக்குகளையும் ஒரே மூச்சில் பார்க்க முயல வேண்டாம். அத்தை மூன்றை நடந்து பார்த்தார், மீதியை நிலா மாடத்திலிருந்தே பார்த்துவிட்டதாகக் கணக்கு முடித்துக்கொண்டார். வழுக்காத காலணியும், வெயில் அடித்தாலும் ஒரு கம்பளிச் சட்டையும் வேண்டும். பூவைப் பறிக்கக் கூடாது என்பதைப் பெரியவர்களுக்கும் ஒருமுறை நினைவூட்டிவிடுவது நல்லது; என் அத்தையின் விரல்கள் இரண்டு இடங்களில் காம்புவரை போய்த் திரும்பின.

அடுத்த முறை நான் கவாத்து நடக்கும் பருவத்தில் போகத் திட்டமிட்டிருக்கிறேன். இலையும் பூவும் இல்லாமல் வெறும் குச்சிகளாக நிற்கும்போதுதான் ஒட்டின் முடிச்சும், எத்தனை கண் விட்டு எந்தச் சாய்வில் வெட்டுகிறார்கள் என்பதும் தெளிவாகத் தெரியும். அத்தை வர மறுத்துவிட்டார். பூ இல்லாத தோட்டத்துக்குப் பஸ் சார்ஜ் கொடுத்து எதற்குப் போக வேண்டும் என்று கேட்கிறார்.